யுபியுவும் தனியார் கல்லூரியும்: எதற்கு முந்துவது, எதற்குப் பொறுப்பது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு ஒரு போட்டோஸ்டேட் கடை. ஐந்தாம் படிவத்தின் இறுதித் தேர்வான எஸ்பிஎம்மின் முடிவு வெளியாகும் வாரத்தில் நகலெடுக்கும் வேலை பாதி, விண்ணப்பம் நிரப்பும் வேலை பாதி. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை ஆண்டுகள் பார்த்ததில், மதிப்பெண் போதாமல் இடத்தை இழந்தவர்களும் உண்டு; நாளைத் தவறவிட்டு இழந்தவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் எனக்கு வயிற்றெரிச்சல். அவசரப்பட வேண்டிய இடத்தில் ஆறப்போடுகிறார்கள். ஆற அமர யோசிக்க வேண்டிய இடத்தில் பதறுகிறார்கள்.

ஐந்தாம் படிவம், ஆறாம் படிவம் முடித்த பிள்ளைகளுக்காகவும் அவர்களின் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. ஒரு தாளை இரண்டாகப் பிரியுங்கள்

வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் காலக்கெடு உள்ளவை. வலப்பக்கம் ஆண்டு முழுவதும் திறந்திருப்பவை.

இடப்பக்கம்: யுபியு என்ற அரசின் பொது இணைய விண்ணப்பம் வழியாகச் செல்லும் அரசுப் பல்கலைக்கழகங்கள், போலிடெக்னிக்குகள், சமூகக் கல்லூரிகள். அதற்குக் கீழே, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷனைத் தனி வரியில் எழுதுங்கள். அது கல்வி அமைச்சின் கீழ் நடப்பது, விண்ணப்பமும் வேறு. 'யுபியுவில் போட்டுவிட்டேன், மெட்ரிகுலேஷனும் அதில் வந்துவிடும்' என்று இருந்துவிட்ட பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். வராது. உபகாரச் சம்பளங்களும் இடப்பக்கம்தான். ஆறாம் படிவத்தின் இறுதித் தேர்வான எஸ்டிபிஎம் எழுதுபவர்கள், மூவெட் என்ற ஆங்கில மொழித் தேர்வுக்குப் பதியும் நாளையும் இங்கே எழுதுங்கள். அதற்குத் தனிப் பதிவு, தனிக் கெடு.

வலப்பக்கம்: தனியார் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகங்களும். கம்பாரில் உள்ள யுடார், பீடோங் பக்கம் உள்ள எய்ம்ஸ்ட் போன்றவை யுபியுவில் வராதவை. அவற்றுக்கு நேரடியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மாணவர்களைச் சேர்ப்பது தனியார் கல்லூரிகளின் வழக்கம். இன்னின்ன மாதம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

கோடு எதற்கு என்றால், இரண்டு பக்கமும் உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கும் முறையே வேறு. காலக்கெடு வைத்துச் சேர்ப்பவர்கள் கதவை மூடிய பிறகு எல்லா விண்ணப்பங்களையும் ஒன்றாகக் கொட்டித் தரம் பிரிப்பார்கள். முதல் நாள் அனுப்பியவருக்கும் கடைசிக்கு முந்தைய நாள் அனுப்பியவருக்கும் வித்தியாசம் இல்லை. வலப்பக்கத்தில் நடப்பது தொடர் சேர்க்கை. அதில் அப்படி இல்லை. விண்ணப்பம் வந்த வரிசையிலேயே பார்ப்பார்கள், தகுதி இருந்தால் இடம் கொடுப்பார்கள், இருக்கும் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போகும்.

ஆக, இடப்பக்கத்தில் முந்துவதால் லாபம் ஒன்றும் இல்லை, வலப்பக்கத்தில் உண்டு. எங்கள் கடையில் நடப்பதோ நேர்மாறு. யுபியு திறந்த அன்றே ஓடி வந்து தோன்றியதையெல்லாம் போட்டுவிட்டுப் போகிறார்கள். தனியார் கல்லூரியை, யுபியு கைவிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

2. கணினி முன்னால் உட்காருவதற்கு முன்

பிறப்புச் சான்றிதழ், மைகார்டு என்ற அடையாள அட்டை, எஸ்பிஎம் முடிவுத்தாள், பள்ளி விலகல் சான்றிதழ், புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ்கள், பெற்றோர் இருவரின் மைகார்டு, சம்பளச் சீட்டு. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்பகத்தில் வையுங்கள். குத்தகையில் வேலை செய்யும் அப்பாவிடம் சம்பளச் சீட்டு இருக்காது. வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதம் வாங்க நாள் பிடிக்கும். அதை இன்றே தொடங்குங்கள்.

அடுத்தது பெயர். இதில் விழுந்தவர்கள் நிறைய. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, மைகார்டில் ஓர் எழுத்து, எஸ்பிஎம் தாளில் இன்னோர் எழுத்து. இன்னாரின் மகன், மகள் என்பதற்கு ஏ/எல், ஏ/பி என்று மைகார்டில் இருப்பதைச் சில படிவங்கள் ஏற்காது. நடுவில் உள்ள சாய்கோட்டைக் கண்டதும் சிவப்பு எழுத்தில் பிழை காட்டும். அப்போது சிலர் அந்தக் கோட்டை எடுத்துவிடுகிறார்கள், சிலர் 'அனாக் லெலாக்கி' என்று விரித்து எழுதுகிறார்கள், சிலர் அப்பா பெயரையே விட்டுவிடுகிறார்கள். எதைச் செய்தாலும் எல்லா விண்ணப்பத்திலும் ஒரே மாதிரி செய்யுங்கள். எப்படிச் செய்தீர்கள் என்று அந்தத் தாளின் பின்பக்கம் குறித்துவையுங்கள். கடனுக்கு விண்ணப்பிக்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினால், எந்த இடத்தில் பிசகியது என்று அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் பிள்ளையுடையதாகவே இருக்கட்டும். ஒரு பையன் தன் நண்பனின் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தான். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு நண்பனுக்குப் போனது. அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பிரிபெய்டு எண்ணாக இருந்தால் முடிவு வரும்வரை காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை எழுதி வீட்டுச் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கச் சொல்வேன். சிரிப்பார்கள், ஆனால் ஒட்டுவார்கள்.

3. பழைய தேதியை நம்பாதீர்கள்

அண்ணன் காலத்தில் இந்த மாதம்தான் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். எஸ்பிஎம் முடிவையே பாருங்கள். 2022ஆம் ஆண்டுத் தேர்வின் முடிவு 2023 ஜூன் 8 அன்று வந்தது. 2023க்கு உரியது 2024 மே 27 அன்று. 2024க்கு உரியது 2025 ஏப்ரல் 24 அன்று. இரண்டே ஆண்டில் ஆறு வாரத்துக்கு மேல் முன்னால் வந்துவிட்டது. முடிவு நகர்ந்தால் அதைத் தொட்டு நிற்கும் எல்லாமே நகரும். இந்த ஆண்டின் தேதியை அதிகாரப்பூர்வ அகப்பக்கத்தில் பார்த்து இடப்பக்கத்தில் எழுதுங்கள். அதற்கு மூன்று நாள் முன்னதாக ஒரு தேதி போட்டு, அதையே உங்கள் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரவில் நாடு முழுவதும் ஒரே அகப்பக்கத்தைத் தட்டும். தோட்டத்து இணையமோ மழை வந்தால் போய்விடும்.

4. யுபியுவை மெதுவாகச் செய்யுங்கள்

எஸ்பிஎம் மாணவர்களுக்கு முடிவு வருவதற்கு முன்பே யுபியு திறந்துவிடும். முடிவு கைக்கு வந்தபின் தேர்வுகளைத் திருத்த அவகாசமும் கிடைக்கும். முன்கட்டத்தில் கணக்கைத் திறந்து தகவல்களை நிரப்புங்கள். உண்மையான வேலை திருத்தும் கட்டத்தில்தான் இருக்கிறது. முதல் கட்டத்தோடு முடிந்துவிட்டது என்று திரும்பி வராமலே இருந்துவிடுவது பெரிய தவறு.

விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கப் பயன்படும் மெரிட் எண்ணைக் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்வித் தேர்ச்சிக்கு 90, புறப்பாடத்துக்கு 10. எஸ்டிபிஎம் மாணவருக்குச் சராசரிப் புள்ளி 3.50 என்றால், அதை 4ஆல் வகுத்து 90ஆல் பெருக்க 78.75 வரும். புறப்பாடத்தில் 8.5 இருந்தால் மொத்தம் 87.25. துறைகளின் கடந்த ஆண்டுச் சராசரி மெரிட் எண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆசை எது, கைக்கு எட்டுவது எது என்று தெரிந்துவிடும். புறப்பாடத்தின் பத்துப் புள்ளியை அலட்சியம் செய்யாதீர்கள். சாரணர் இயக்கச் சான்றிதழ் வீட்டில் எங்கோ கிடக்கிறது என்று சொல்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன், தேடி எடுத்து வரட்டும்.

பன்னிரண்டு தேர்வுகள்வரை போடலாம். முதல் மூன்று நான்கு ஆசைப்பட்டவை. நடுவில் மெரிட்டுக்கு ஒத்து வருபவை. கடைசி இரண்டு மூன்று கட்டாயம் கிடைக்கக்கூடியவை. கடைசியில் போடுவதும் படிக்க மனம் இருப்பதாக இருக்க வேண்டும். பன்னிரண்டிலும் மருத்துவமும் பல்மருத்துவமும் மருந்தியலும் போட்டவர்கள் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இடத்தை நிரப்ப ஏதோ ஒன்றைப் போட்டு, அதுவே கிடைத்து, அழுதுகொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

துறையின் பெயருக்குப் பக்கத்தில் நேர்முகத் தேர்வு உண்டு என்ற குறிப்பு இருந்தால், அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அந்த அழைப்பைப் பெரும்பாலும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அகப்பக்கத்தில் நாமே போய்த்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்கக் கூடாது. போகாவிட்டால் அந்தத் தேர்வு வீண்.

5. வலப்பக்கம்: விண்ணப்பத்தில் முந்துங்கள், பணத்தில் பொறுங்கள்

தனியார் கல்லூரிக்கு எஸ்பிஎம் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளியின் முன்னோட்டத் தேர்வு முடிவை வைத்தே பல கல்லூரிகளில் விண்ணப்பிக்கலாம். இறுதி முடிவில் இத்தனை பாடங்களில் கிரெடிட் என்ற நல்ல தேர்ச்சி வந்தால் இடம் உறுதி என்று நிபந்தனைக் கடிதம் தருவார்கள். பட்டப்படிப்புக்கு முந்தைய அடிப்படைக் கல்விக்குப் (ஃபவுண்டேஷன்) பொதுவாக எஸ்பிஎம்மில் ஐந்து கிரெடிட்டும் டிப்ளோமாவுக்கு மூன்று கிரெடிட்டும் குறைந்தபட்சத் தகுதி; துறைக்கு ஏற்ப இது கூடும்.

கடிதம் வந்ததும் முகவர் தொலைபேசியில் கூப்பிடுவார். 'இன்றைக்குள் பதிவுக் கட்டணம் கட்டினால் கழிவு உண்டு' என்பார். இங்கே நிதானம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலான மலேசியத் தகுதிகள் பதிவேட்டில் அந்தத் துறையைத் தேடுங்கள். கல்லூரியின் பெயர் அங்கே இருப்பது மட்டும் போதாது. உங்கள் பிள்ளை படிக்கப்போகும் அதே துறை, அதே வளாகத்துக்கு இருக்க வேண்டும். தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்றும் பாருங்கள்.

பிறகு முகவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். யுபியுவில் இடம் கிடைத்து விலகினால் எவ்வளவு திரும்பி வரும்? எந்த நாள்வரை விலகலாம்? இந்த முறை சேராமல் அடுத்த சேர்க்கைக்கு இடத்தைத் தள்ளிப்போட முடியுமா? வாயால் சொன்னது ஒன்றுக்கும் உதவாது. ஓர் அப்பா இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டார். பிள்ளைக்கு யுபியுவில் இடம் கிடைத்ததும் திருப்பிக் கேட்டார். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'திருப்பித் தரப்படாது' என்று இருந்தது. கடையில் நான்தான் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சொன்னேன்.

6. திறந்த கதவுக்குப் பின்னால் உள்ள கெடுக்கள்

எல்லாரும் வழுக்கி விழும் இடம் இதுதான், பொறுமையாகப் படியுங்கள். 'எப்போது வேண்டுமானாலும் சேரலாம்' என்ற விளம்பரம் சேர்க்கைக்கு மட்டும்தான் பொருந்தும். சேர்வதற்குத் தேவைப்படும் மற்ற எதுவும் எப்போது வேண்டுமானாலும் கிடைக்காது.

அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் அதற்கு நல்ல உதாரணம். எந்த மாதம் கல்லூரியில் பதிகிறீர்களோ அதற்கு ஏற்ப விண்ணப்பம் திறந்து மூடும். விண்ணப்பிக்கப் பிள்ளையின் பெயரில் எஸ்எஸ்பிஎன் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும், சேர்க்கைக் கடிதம் வேண்டும். அந்த வாரத்தில் ஓடிப்போய்த் திறக்காமல், கணக்கை இப்போதே திறந்துவிடுங்கள். கடன் கிடைத்தாலும், பணம் வந்து சேர்வது கல்லூரியில் பதிந்த பிறகுதான். முதல் பருவத்துக்கான பதிவுக் கட்டணம், விடுதி முன்பணம், பாத்திரம் பண்டம் எல்லாம் கைப்பணத்தில்தான். அரசுக் கல்விக்கூடத்தில் இடம் கிடைத்த, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1,500 ரிங்கிட்வரை கடன் முன்பணம் பெறும் வழி இருக்கிறது. தனியார் கல்லூரிக்குப் போகிறவர்கள் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஊழியர் சேமநிதியை அப்பாக்கள் மறந்துவிடுகிறார்கள். பிள்ளையின் உயர்கல்விக்காகப் பெற்றோர் தங்கள் சேமிப்பிலிருந்து எடுக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. கல்விக்கான பணம் செஜாத்ரா கணக்கிலிருந்து வரும். புதிதாகக் கட்டும் சந்தாவில் அங்கே போவது 15 விழுக்காடு. அதில் எவ்வளவு இருக்கிறது என்று செயலியில் இன்றே பார்த்துவிடுங்கள். தோட்டத்தில் இருபது ஆண்டு உழைத்தவருக்கு அங்கே ஒரு தொகை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வட்டிக்குக் கடன் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது அது.

கல்லூரியே தரும் உபகாரச் சம்பளம் இன்னொரு பொறி. சேர்க்கை திறந்திருக்கும், உபகாரச் சம்பளப் பட்டியல் மூடியிருக்கும். முந்தியவர்களுக்கு முழுக்கழிவு, பிந்தியவர்களுக்கு மிச்சம். விடுதி அறையும் இப்படித்தான். நம் பிள்ளைகளுக்கு விடுதி சின்ன விஷயம் இல்லை. இங்கிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர முடியாது. வலப்பக்கத்தில் ஒவ்வொரு கல்லூரிப் பெயருக்கும் கீழே கடன், உபகாரச் சம்பளம், விடுதி என்று மூன்று தேதிகளை எழுதுங்கள். எழுதி முடித்ததும் வலப்பக்கமும் கெடுப் பட்டியலாக மாறியிருக்கும். அப்போதுதான் தாள் சரியாக நிரம்பியிருக்கிறது என்று பொருள்.

7. இடைவெளி மாதங்களில் என்ன செய்வது

தனியார் கல்லூரியில் வகுப்பு தொடங்கிவிடும்; யுபியு முடிவு இன்னும் வராது. சேருவதா, காத்திருப்பதா?

இதற்கு என் பதில் குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. மெரிட் எண் நடுத்தரத்தில் இருந்து, கட்டணம் திரும்பி வரும் என்று எழுத்தில் இருந்தால் சேரலாம். கடன் வாங்கித்தான் முன்பணம் கட்ட வேண்டும் என்றால் சேர வேண்டாம். அடுத்த சேர்க்கை இருக்கத்தான் போகிறது, தொடர் சேர்க்கையால் கிடைக்கும் நன்மையே அதுதான். எஸ்பிஎம் பிள்ளைகள் ஆறாம் படிவத்தை மறக்காதீர்கள். தகுதி உள்ளவர்களுக்கு இடம் தானாக ஒதுக்கப்படும், இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். செலவு குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம், மூன்று பருவத்தில் முடியும். 'எஸ்டிபிஎம் கஷ்டம்' என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, கட்டணப் பட்டியலை மட்டும் பக்கத்தில் வைப்பேன்.

8. இடம் கிடைக்காவிட்டால்

மேல்முறையீட்டுக்கு வழி உண்டு, ஆனால் அந்தக் கதவு சில நாள்களே திறந்திருக்கும். முடிவு வந்த அன்று அழுதுவிட்டு மறுநாள் காலையில் உட்கார்ந்துவிடுங்கள். முதலில் கேட்ட அதே துறைகளைத் திரும்பவும் போடுவதில் பயன் குறைவு. காலி இடங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துப் போடுங்கள்.

இந்த நேரத்தில்தான் வேறொரு குழப்பம் வரும். சில அரசுப் பல்கலைக்கழகங்கள் யுபியுவுக்கு வெளியே தாங்களே நேரடியாக மாணவர்களைச் சேர்க்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் 'சாத்து' அப்படிப்பட்டது. பல்கலைக்கழகம் ஒன்று, கட்டணம் வேறு. யுபியு வழி செல்பவர் கட்டுவதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கலாம். 'அரசுப் பல்கலைக்கழகத்தில் கிடைத்துவிட்டது' என்று கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்த ஓர் அம்மாவிடம், அது எந்த வழிச் சேர்க்கை என்று விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

9. வெளிநாடு என்று கேட்பவர்களுக்கு

எண்ணிக்கையில் சிலர்தான், அதனால் சுருக்கமாக. பிரிட்டனில் யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக ஐந்து தேர்வுகள் போடலாம். ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம், பல்மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கு அக்டோபர் 15 மாலை 6 மணி கெடு. அது அவர்கள் நேரம். நமக்கு மறுநாள் விடியற்காலை 1 மணி. மற்றத் துறைகளுக்கு ஜனவரியில் ஒரு நாள் உண்டு. அதற்குள் வந்தவற்றைச் சமமாகப் பார்ப்பார்கள். பிந்தி வந்தவற்றை இடம் இருந்தால் பார்ப்பார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் போன்றவை தொடர் சேர்க்கை நடத்துகின்றன. அங்கும் முந்துவோருக்கே வாய்ப்பு அதிகம். 'ஏர்லி டிசிஷன்' என்று இருக்கும் இடத்தில் மட்டும் கவனம்; இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாக வாக்குக் கொடுத்து விண்ணப்பிப்பது அது. உதவித்தொகை போதுமா என்று தெரியாத குடும்பம் அந்த வாக்கைக் கொடுக்கக் கூடாது.

10. ஏற்பு

இடம் கிடைத்தது என்று திரையில் வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. ஏற்றுக்கொள்கிறேன் என்று குறிப்பிட்ட நாளுக்குள் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள். போன ஆண்டு ஒரு பெண், முடிவு வந்த மகிழ்ச்சியில் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே அலைவரிசை கிடையாது. கடைசி நாள் மாலையில் அவள் அப்பா செம்பனைத் தோட்டத்திலிருந்து நேராக, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், கடைக்குள் வந்து நின்றார். கையில் அந்தத் தாள் இருந்தது. 'அக்கா, இன்றைக்குத் தேதிக்குப் பக்கத்தில் சிவப்பில் ஏதோ எழுதியிருக்கிறாள், என்னவென்று பாருங்கள்' என்றார். கடவுச்சொல்லும் அதன் கீழேயே இருந்தது. மகளைத் தோட்டத்து அலுவலகத் தொலைபேசியில் பிடித்து, அவள் சம்மதத்தைக் கேட்டு, அழுத்தி, ஏற்புச் சீட்டை இரண்டு பிரதி அச்சடித்துக் கொடுத்தேன்.